எல்லார்க்குமா, இல்லார்க்கு மட்டுமா? - முதியோர் உதவித் தொகை பற்றிய ஓர் ஆராய்ச்சி

உழைத்து ஓய்ந்த முதியோரை அரசு ஆதரிக்க வேண்டும் என்பதை இன்று மறுப்பார் இலர். அவ்வாதரவை யார்க்கு அளிப்பது என்னும் வினா எழும்போதுதான் அறிஞரும் அமைச்சரும் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். குறித்த வயதை எய்திய அனைவர்க்கும், செல்வர் வறியர் என்று பாராது, ஒரே அளவாகக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. பொதுப் பணம் அளவுடையது. ஆதலின் கேட்பவரின் வருவாயையும் உடைமையையும் ஆராய்ந்து இல்லாதவர்க்கு மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது மற்றொரு கட்சி. முன்னதைப் பொது உதவி என்றும், பின்னதை வசதிச் சோதனை உதவி என்றும் இக்கட்டுரையில் குறிப்போம்.

மேலோட்டமாக நோக்குவார்க்கு இரண்டாம் கட்சியே நேர்மையானதாகத் தோன்றும். வங்கியில் பெருந்தொகை வைத்திருப்பவருக்கும் கூரை ஒழுகும் வீட்டில் கிடப்பவருக்கும் ஒரே தொகையா? இருப்பவர்க்குக் கொடுப்பதை மிச்சப்படுத்தினால் இல்லாதவர்க்கு இரு மடங்காகக் கொடுக்கலாமே! நம் பள்ளிப் பிள்ளைகள்கூட இக்கணக்கை நொடியில் போட்டுவிடுவர். ஆயின் இக்கணக்கில் ஏறாத செலவு ஒன்று உண்டு. அதனைக் காண விரும்புவோர், நூறாண்டுக்கு மேலாக இச்சோதனையை வைத்தும் நீக்கியும் மீண்டும் வைத்தும் பார்த்த பிரிட்டன் நாட்டின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

ஐந்து ஷில்லிங் வந்த வழி

லிவர்பூல் நகரத்துக் கப்பல் வணிகக் குடும்பத்தில் பிறந்த சார்லஸ் பூத் என்பார், லண்டன் மக்களின் வறுமையைத் தெருத்தெருவாக அளந்து எழுதியவர். அவர் 1891ஆம் ஆண்டிலேயே, 65 வயது கடந்த ஒவ்வொருவர்க்கும் அரசு வாரந்தோறும் 5 ஷில்லிங் கொடுக்கலாம் என்று முன்மொழிந்தார். செல்வர்க்குமா என்று கேட்டனர். ஆம், செல்வர்க்கும்தான்; எல்லாரும் வாங்கினால் வாங்குவதில் எவர்க்கும் இழிவில்லை என்பது அவர் கருத்தின் சாரம். கருவூலத்தார் தொகையைப் பெருக்கிப் பார்த்துத் திகைத்துப் போயினர்.

பதினேழாண்டுகள் கழித்து, 1908இல், முதியோர் ஓய்வூதியச் சட்டம் நிறைவேறியது. ஐந்து ஷில்லிங் நிலைத்தது. ஆனால் வயது 70 ஆயிற்று. ‘ஒவ்வொருவர்க்கும்’ என்பதும் போயிற்று. ஆண்டு வருவாய் 21 பவுணுக்கு மேற்படாதவர்க்கே முழுத் தொகை. அதற்கு மேல் படிப்படியாக ஒவ்வொரு ஷில்லிங்காகக் குறைந்து, 31 பவுண் 10 ஷில்லிங்கைத் தாண்டியவர்க்கு ஒன்றுமில்லை. சோம்பித் திரிந்தவர் என்று கருதப்பட்டோர்க்கு இல்லை. அதனினும் விந்தை, 1908 தொடங்கி ஏழைப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் உதவி பெற்றவர்க்கும் 1910 முடியும்வரை இல்லை. வறுமையைத் தணிக்க வந்த சட்டம் மிக வறியவரை முதலில் வாயிற்புறத்தே நிறுத்திவிட்டது!

ஒன்று மட்டும் நன்றாகச் செய்தனர். பணத்தை ஏழைப் பராமரிப்பு அதிகாரிகளிடம் விடாமல் அஞ்சல் நிலையங்களில் கொடுத்தனர். அஞ்சல் தலை வாங்கப் போகிறவரும் ஓய்வூதியம் வாங்கப் போகிறவரும் ஒரே வரிசையில் நிற்பர். யார் எதற்கு வந்தார் என்று எவர்க்கும் தெரியாது. 1909 சனவரி முதல் நாள் தொடங்கி ஏறத்தாழ ஐந்து இலட்சம் முதியோர் அவ்வாறு பெற்றனர்.

சோதனை என்பது வருவாயோடு நிற்பதில்லை. வயதையும் மெய்ப்பிக்க வேண்டும். அயர்லாந்தில் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1864இல்தான். 1909இல் எழுபதைக் கடந்தவர் எவரிடமும் பிறப்புப் பத்திரம் இருக்க வழியில்லை. பழைய குடிக்கணக்கு ஏடுகளைத் தேடினர். அதிலும் அகப்படாதவரை, 1839 சனவரி 6ஆம் நாள் இரவு அடித்த பெரும்புயல் நினைவிருக்கிறதா என்று கேட்டனர். புயலை அறிந்தவர் எழுபதை எட்டியவர் என்பது கணக்கு. கேள்வி பரவிய பின்னர்ப் பலருக்கு நினைவாற்றல் பெருகிற்று என்பர். அதை நாம் குற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை. நம் தோட்டத்துப் பெரியவர்களும் தம் வயதை ‘ஜப்பான்காரன் காலத்தில் கைக்குழந்தை’ என்று கணக்கிட்டுச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம் அல்லவா?

பிரிட்டனுக்குப் பத்தாண்டு முன்னரே, 1898இல், நியூசிலாந்து தன் முதியோர்க்கு ஆண்டுக்கு 18 பவுண் வழங்கச் சட்டம் செய்தது. அதுவும் வசதிச் சோதனையோடு கூடியதே. அதில் இன்னொரு வாயிலடைப்பும் இருந்தது: சீனர்க்கும் பிற ஆசியர்க்கும், அவர் குடியுரிமை பெற்றவராயினும், உதவி இல்லை. இவ்விலக்கு 1936இல்தான் நீங்கியது. அந்நாட்டுப் பழங்குடியினரான மாவோரி மக்களோ, சட்டம் தம்மைச் சேர்த்துக்கொண்டும், பிறப்புச் சான்று இன்மையாலும் நிலத்தைப் பொதுவில் வைத்திருந்தமையாலும் பெரிதும் இடர்ப்பட்டனர். சோதனை என்று ஒன்றை வைத்துவிட்டால், அதனைப் பிடித்துக்கொண்டு வேறு பல சோதனைகளும் உள்ளே நுழைந்துவிடுகின்றன.

மகனின் சம்பளமும் தந்தையின் உணவும்

பிரிட்டிஷ் மக்களின் உள்ளத்தில் வசதிச் சோதனை என்னும் சொல்லே கசப்பாகிப் போனதற்குக் காரணம் 1931ஆம் ஆண்டு வந்த குடும்பச் சோதனை. அது வேலை இழந்தோர்க்காக வந்தது. வீட்டில் உள்ள அனைவர் வருவாயையும் கூட்டிப் பார்த்து, மகனோ மகளோ சம்பாதித்தால் தந்தைக்குரிய உதவியைக் குறைத்தனர். அதிகாரி வீட்டுக்குள் வந்து தட்டுமுட்டுச் சாமான்களை நோட்டமிட்டார். தந்தை தன் உணவுக்கு மகனை நோக்கி நிற்க நேர்ந்தது. அதனைத் தாங்காமல் பல இளைஞர் வீட்டை விட்டு வெளியேறி வாடகை அறைகளில் தங்கினர். மிச்சம் பிடிக்க வந்த விதி குடும்பத்தைப் பிரித்துவிட்டது.

1940இல் நிகழ்ந்த ஒன்றை ஆசிரிய நண்பர்கள் சிறப்பாகக் கருத வேண்டும். முதியோர்க்குத் துணை ஓய்வூதியம் ஒன்றை அவ்வாண்டு அரசு கொண்டுவந்தது. அதற்கும் சோதனை உண்டு. எனினும் பழைய ஏழைப் பராமரிப்பாரிடம் போகாமல், தனி வாரியத்தின் வழியாகப் பெறலாம். அரசு எதிர்பார்த்தது சில இலட்சம் பேரை. பெற்றோர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியது! இத்தனை பேரும் ஒரே இரவில் வறியர் ஆகிவிடவில்லை. முன்னரே வறுமையில் இருந்தனர். அந்தப் பழைய வாயிலில் போய் நிற்க நாணி, அரைவயிற்றோடு மறைந்து கிடந்தனர். கணக்கில் ஏறாத செலவு என்று மேலே சொன்னேனே, அது இதுதான். சோதனை வைத்துத் தரும் உதவி, தகுதியற்றவரை விலக்குவதோடு தகுதியுடையவரையும் விலக்குகின்றது. விலக்கப்பட்ட முன்னவர் கூச்சலிடுவர். பின்னவர் வாய் திறவார். ஆதலால் அரசின் ஏட்டில் அது சேமிப்பாகவே பதிவாகும்.

1942இல் வில்லியம் பெவரிட்ஜ் தம் புகழ்பெற்ற அறிக்கையை வெளியிட்டபோது, மக்கள் பணம் செலுத்திப் பெறும் காப்புறுதியை அடிப்படையாக வைத்து, சோதனையின்றி உரிமையாகப் பெறும் ஓய்வூதியத்தை வகுத்தார். 1948 சூலை 5ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் தொகை வாழ்வுக்குப் போதுமானதாக அமையவில்லை. போதாதவர்க்குத் துணையாகச் சோதனையோடு கூடிய உதவியும் கூடவே பிறந்தது. அதன் பெயர் முதலில் தேசிய உதவி. 1966இல் துணை நலம். 1988இல் வருவாய் ஆதரவு. 1999இல் குறைந்தபட்ச வருவாய் உறுதி. 2003இல் பென்ஷன் கிரெடிட். வாயிலுக்கு ஐந்து முறை வண்ணம் பூசினர். உள்ளே நுழையக் கூசியவர் ஒவ்வொரு முறையும் வெளியிலேயே நின்றனர்.

குளிர்காலத் தொகையின் கதை

அண்மைக் காலத்து நிகழ்ச்சி இதனைத் தெளிவாக்கும். பிரிட்டனில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எரிபொருள் வேண்டும். இல்லையேல் முதியோர் உயிருக்கே இடர். 1997இல் அரசு ஓய்வூதிய வயதினர் அனைவர்க்கும் குளிர்கால எரிபொருள் தொகை என ஒன்றை ஏற்படுத்தியது. முதலில் வீடொன்றுக்கு 20 பவுண், வறியவர்க்கு 50. 2000இல் அது எல்லார்க்கும் 200 பவுணாக உயர்ந்தது. பின்னர் 80 வயது கடந்தவர் வீட்டிற்கு 300 பவுண். விண்ணப்பம் பெரும்பாலும் வேண்டியதில்லை. குளிர் தொடங்கும் காலத்தில் பணம் தானே வங்கியில் விழும்.

2024 சூலையில் புதிய நிதியமைச்சர், இனிப் பென்ஷன் கிரெடிட் போன்ற வறியோர் உதவி பெறுபவர்க்கே இத்தொகை என்று அறிவித்தார். ஆண்டுக்கு ஏறத்தாழ 140 கோடிப் பவுண் மிச்சமாகும் என்பது மதிப்பீடு. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பெற்று வந்தது ஏறத்தாழ 15 இலட்சம் பேராகச் சுருங்கிற்று.

இங்கேதான் பழைய பிணி வெளிப்பட்டது. பென்ஷன் கிரெடிட் பெறத் தகுதியுடைய குடும்பங்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதனைக் கேட்காமலே இருந்தன. சிலர் அப்படியொன்று இருப்பதையே அறியார். சிலர், சொந்த வீடு இருப்பதால் நமக்குக் கிடைக்காது என்று எண்ணியிருந்தனர். சிலர்க்கு நாணம். வேறு சிலர்க்கு விண்ணப்பப் படிவமே போதும், பின்வாங்குவதற்கு. அதில் 243 வினாக்கள் உள்ளன என்று அந்நாட்டு ஏடுகள் எழுதின. இவர்கள் எல்லாரும் முன்னர் எரிபொருள் தொகையையேனும் கேளாமலே பெற்று வந்தனர். புதிய விதியால் அதுவும் போயிற்று. விந்தை என்னவெனில், தகுதியுடையோர் அனைவரும் விழித்தெழுந்து விண்ணப்பித்திருப்பின், அவர்க்குக் கொடுக்க வேண்டிய தொகை அரசு மிச்சம் பிடித்ததைப் பெரும்பாலும் விழுங்கியிருக்கும். சேமிப்புக் கணக்கு, ஏழைகள் கேளாதிருப்பர் என்னும் நம்பிக்கையின்மேல் நின்றது என்று சொன்னால் அது மிகையாகாது.

விளிம்பில் நின்றோர் நிலை இன்னும் பரிதாபம். அவ்வாண்டில் தனியாக வாழ்பவர்க்குப் பென்ஷன் கிரெடிட் எல்லை வாரத்துக்கு 218 பவுண் 15 பென்னி. அதற்கு மேல் ஒரு பவுண் கூடுதலாக உள்ளவர், ஆண்டில் 52 பவுண் கூடுதலாகப் பெறுகிறார்; அந்த 52 பவுணுக்காக 200 பவுணை இழக்கிறார். புதிய முறையில் முழு அரசு ஓய்வூதியமே வாரத்துக்கு 221 பவுண் 20 பென்னி. வேறு வருவாய் ஒரு காசும் இன்றி அதை மட்டும் நம்பி வாழ்ந்தவரும், வேறு தனிச்சலுகை இல்லையாயின், எல்லைக்கு மூன்று பவுண் மேலே நின்று எரிபொருள் தொகையை இழந்தனர். கூர்மையான கோடு எங்கே கிழித்தாலும் அதன் மேற்பக்கத்தில் நிற்பவன் செல்வன் அல்லன். கீழ்ப்பக்கத்தானைவிட ஒரு பிடி அரிசி கூடுதலாக உடையவன், அவ்வளவே.

மக்கள் சினம் அடங்கவில்லை. 2025 சூன் மாதத்தில் அரசு முறையை மாற்றியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஓய்வூதிய வயதினர் அனைவர்க்கும் தொகை மீண்டும் தானாகவே போய்ச் சேரும். ஆண்டு வருவாய் 35,000 பவுணைத் தாண்டியவரிடமிருந்து மட்டும் வரி வழியாக அது திரும்பப் பெறப்படும். ஏறத்தாழ 90 இலட்சம் பேர் தொகையை வைத்துக்கொள்வர்; 20 இலட்சம் பேர் திருப்பித் தருவர். மிச்சம் 45 கோடிப் பவுண் அளவுக்குக் குறைந்தது.

இந்த ஏற்பாட்டையே நான் கருத்தூன்றிப் பார்க்கச் சொல்வேன். இதிலும் சோதனை இருக்கிறது. செல்வர்க்குக் கொடை இல்லை. வேறுபாடு சோதனை நிற்கும் இடத்தில் இருக்கிறது. முன்னது வாயிலில் நின்று ஏழையைச் சோதித்தது. பின்னது கொடுத்த பின்னர்ச் செல்வரைச் சோதிக்கிறது. வரி அலுவலகம் செல்வரின் வருவாயை ஏற்கெனவே அறியும். அவர்க்குப் புதிய படிவம் இல்லை, நாணம் இல்லை. தவறு நேர்ந்தாலும் இழப்பு 200 பவுண் அளவில் வசதியுடையவர்மேல் விழுமேயன்றி, அடுப்பில்லாக் கிழவர்மேல் விழாது. குறையே இல்லை என்று சொல்லவில்லை. இச்சோதனை தனியாள் வருவாயைப் பார்ப்பதால், கணவனும் மனைவியும் ஆளுக்கு 34,000 பெறும் வீட்டில் தொகை முழுதும் தங்கும்; ஒருவர் மட்டும் 36,000 பெறும் வீட்டில் அவர் பங்கு போகும். நியூசிலாந்திலும் 1985 முதல் 1998 வரை, பிற வருவாய் உடைய ஓய்வூதியர்மேல் தனி வரி விதித்து ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றனர். அதனையும் முதியோர் வெறுத்தனர், இறுதியில் அது நீங்கிற்று. இன்று அங்கே 65 வயதும் வசிப்பாண்டுகளும் நிறைந்தால் சோதனையின்றி ஓய்வூதியம். அது வருவாயோடு சேர்ந்து வழக்கமான வரிக்கு உட்படும்.

எதிர்க்கட்சியாரின் வாதம்

சோதனை வேண்டும் என்பாரை இரக்கமற்றவர் என்று ஒதுக்கிவிடுதல் முறையன்று. அவர் கேட்கும் கேள்வி வலுவானது. நம் மலேசியாவில் 60 வயது கடந்தோர் 35 இலட்சத்துக்கு மேல். ஒவ்வொருவர்க்கும் மாதம் 500 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 2,100 கோடி வெள்ளி வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வரும்? பள்ளிக்கூடத்திலிருந்தா, மருத்துவமனையிலிருந்தா? மேலும், கொடுத்துவிட்டு வரியால் திரும்பப் பெறலாம் என்பது வருமான வரி பரந்து விரிந்த நாட்டில் நடக்கும். இங்கு வருமான வரி கட்டுவோர் உழைப்பவருள் சிறு பகுதியினரே. ஆகவே பிரிட்டன் கண்ட வழியை அப்படியே பெயர்த்து இங்கு நடுதல் இயலாது. இதனை நான் ஒப்புக்கொள்கிறேன். எனினும் வாயிற் சோதனையைத் தவிர வேறு வழி இல்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நம் நிலை யாது? அரசு ஊழியர்க்கு ஓய்வூதியம் உண்டு. பிற தொழிலாளர்க்கு 1951 முதல் ஊழியர் சேமநிதி உண்டு. சேமநிதி சம்பளத்தின் பங்கு. சம்பளம் சிறிதாயின் நிதியும் சிறிது. நாள் கூலிக்குப் பால் மரம் வெட்டியவர்க்கு 55 வயதில் கைக்கு வந்தது சில ஆண்டுச் செலவுக்கே காணும். குத்தகைக்காரரிடம் வேலை செய்தவர் பலர்க்கு அந்தக் கணக்கே இல்லை. இவ்வாறு எஞ்சியவர்க்குச் சமூக நல இலாகாவின் முதியோர் உதவி இருக்கிறது. 2021இல் அது மாதம் 350 வெள்ளியிலிருந்து 500 வெள்ளியாக உயர்ந்தது. இது முழுக்க வசதிச் சோதனை உதவி. குடிமக்களுக்கே உரியது, சிவப்பு அடையாளக் கார்டோடு இந்நாட்டில் ஆயுள் முழுதும் உழைத்தவர்க்கு இல்லை. ஆதரிக்கக் குடும்பம் இல்லை, அல்லது இருந்தும் அதற்கு இயலாது என்பதைக் காட்ட வேண்டும்.

இந்தக் கடைசி விதி 1931ஆம் ஆண்டுக் குடும்பச் சோதனையின் உடன்பிறப்பு. தோட்டப் பள்ளிகளில் பணியாற்றுவோர் இதனை நன்கறிவர். ஏனெனில் படிவத்தை நிரப்பித் தரும்படி முதியோர் வந்து நிற்பது நம்மிடமே. “மகன் பார்க்கலன்னு மட்டும் எழுதிடாதீங்க சார், அவன் பேரு கெட்டுப் போயிடும்” என்று ஒரு மூதாட்டி என்னிடம் கேட்டுக்கொண்டார். மகன் பட்டணத்தில் இருக்கிறான். தீபாவளிக்கு வந்து போவான். மாதப் பணம் அனுப்புவதில்லை. உள்ளதை எழுதினால் மகனுக்கு இழுக்கு என்று அவர் அஞ்சினார். இல்லாததை எழுத எனக்கு உரிமை இல்லை. சிறிது நேரம் பேசாமல் அமர்ந்திருந்துவிட்டு, படிவத்தை நான்காக மடித்து முந்தானையில் செருகிக்கொண்டு போய்விட்டார். இவரைப் போன்றோர் எத்தனை பேர் என்று எந்த ஏட்டிலும் எழுதப்படாது.

சோதனை தவிர்க்க முடியாததாயின், முதியவரை வரவழைக்காமலே அதனை நடத்தலாம் என்பதற்குச் சிங்கப்பூரில் ஒரு சான்று உண்டு. அங்கு 2014இல் அறிவிக்கப்பட்ட முன்னோடித் தலைமுறைத் தொகுப்பு, 1949க்குள் பிறந்து 1986க்குள் குடியுரிமை பெற்ற அனைவர்க்கும் வருவாய் பாராமல் மருத்துவச் சலுகைகளை அளித்தது. அது பொது உதவி. 2016இல் தொடங்கிய சில்வர் சப்போர்ட் என்னும் திட்டமோ சோதனை உதவி: வாழ்நாள் முழுதும் குறைந்த சம்பளம் பெற்றவர்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பணம். ஆயின் அதற்கு விண்ணப்பமே கிடையாது. 55 வயதுக்குள் மத்திய சேமநிதியில் சேர்ந்த மொத்தத் தொகை, குடியிருக்கும் வீவக வீட்டின் அளவு, வீட்டில் ஒருவர்க்கு விழும் வருவாய் ஆகியவற்றைத் தன் பதிவேடுகளிலேயே பார்த்து, தகுதியுடையவர்க்கு அரசு கடிதம் எழுதுகிறது. குடும்ப வருவாயைப் பார்ப்பதால் குடும்பச் சோதனையின் சாயல் இதிலும் உண்டு. ஆனால் ‘என் மகன் பார்ப்பதில்லை’ என்று தாய் தன் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

வயதையே சோதனையாகக் கொள்ளும் முறையும் ஒன்று உள்ளது. மொரீசியசுத் தீவு, நம்மைப் போலவே தமிழர் தோட்டங்களில் உழைத்த நாடு. இங்கு ரப்பர், அங்குக் கரும்பு. அது 1950இல் சோதனையோடு முதியோர் உதவியைத் தொடங்கி, 1958இல் சோதனையை நீக்கியது. 2004இல் ஓர் அரசு வருவாய்ச் சோதனையை மீண்டும் புகுத்திற்று; 2005இல் அவ்வரசு தேர்தலில் தோற்க, சோதனையும் நீங்கியது. செல்வ நாடு அன்று அது, பொது உதவியைத் தொடங்கிய காலத்தில். ஆனால் செலவு வளர்ந்துகொண்டே போகவே, 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தகுதி வயதை 60இலிருந்து 65 ஆகப் படிப்படியாக உயர்த்துவதாக அறிவித்தனர், எதிர்ப்பும் கிளம்பிற்று. வயதை உயர்த்தினால் மேசையில் அமர்ந்து எழுதியவனைவிட வெயிலில் கரும்பு வெட்டியவனே அதிகம் இழப்பான். அவன் உடல் 60க்கு முன்னரே ஓய்ந்துவிடுகிறது.

நம் நாட்டுக்கு இவ்விரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது என் கருத்து. ஊழியர் சேமநிதியிடம் ஒவ்வொருவர் வாழ்நாள் சம்பளக் கணக்கும் இருக்கிறது. அதில் சிறுதொகையே சேர்ந்தவரைக் கணக்கேடே காட்டிக்கொடுக்கும்; அவர்களை அரசு தேடிச் செல்லலாம், மகன் வருவாயைக் கேட்க வேண்டியதில்லை. சேமநிதிக் கணக்கே இல்லாத குத்தகைத் தொழிலாளரும், வீட்டு வேலை செய்த பெண்களும் இவ்வழியில் விடுபட்டுப் போவர். அவர்க்குக் காட்ட ஏடு இல்லை. ஆகவே ஒரு வயதைக் கடந்தால் எச்சோதனையும் இன்றிக் கொடுப்பதே வழி. அந்த வயது 70ஆ, 75ஆ என்பது கருவூலத்தார் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டியது. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்க்கு எதனைச் சான்றாகக் கொள்வது என்பதையும் அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.